அடுப்படிக் காற்றை அளக்காத நாம்

டெல்லியின் காற்று கெட்டுப்போன செய்தியை ஒவ்வொரு நவம்பரிலும் கவலையோடு பார்க்கிறோம். பார்க்கும் அறையில் ஜன்னல் சாத்தியிருக்கிறது, கட்டிலுக்கடியில் கொசுவர்த்திச் சுருள் புகைகிறது. ஒரு சுருள் எரிந்து தீர்வதற்குள் வெளிவிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று 2003-லேயே ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. குழந்தை தூங்கும் அறையில் அதை ஏற்றிவைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள் நாம்தான்.

தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் குழுவினரும் தமிழகக் கிராமங்களின் விறகடுப்புப் புகையை அளந்து 2002-லேயே கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது அளப்பது ஆய்வகத்து வேலை. இப்போது அப்படியில்லை. பி.எம்.எஸ் 5003 என்ற சென்சார் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே சின்ன விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறும், சிதறலை வைத்து எண்ணிக்கை வரும். ஈ.எஸ்.பி 8266 என்ற சிறு வைஃபை பலகையோடு இணைத்தால் கைபேசியிலேயே பார்க்கலாம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் 2015-ல் சாதாரண மக்கள் இதுபோன்ற சென்சாரைப் பிளாஸ்டிக் குழாய் வளைவுக்குள் செருகி வீட்டுக்கு வெளியே மாட்டத் தொடங்கினார்கள்.

பொறியியல் கல்லூரிகள் நிறைந்த மாநிலம் நம்முடையது. கோட்டைப் பிடித்து ஓடும் ரோபோவையும் செடிக்குத் தண்ணீர் விடும் கருவியையும் பிள்ளைகளை ப்ராஜெக்டாகச் செய்ய வைத்தோம். "உன் விடுதிச் சமையற்கூடத்தில் ஒருநாள் அளந்துகொண்டு வா" என்று சொல்ல நமக்குத் தோன்றவில்லை.

சுத்தப்படுத்தும் வழியும் எட்டாத தூரத்தில் இல்லை. 2013-ல் பெய்ஜிங் புகையில் தவித்த தாமஸ் டால்ஹெல்ம் என்ற அமெரிக்க மாணவர், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரைச் சாதாரண விசிறியில் கட்டி அறைக் காற்றில் துகள் குறைவதை அளந்து காட்டினார். 2020-ல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் இருவரின் யோசனையில், நான்கைந்து ஃபில்டர்களைப் பெட்டியாக ஒட்டி மேலே விசிறியை வைக்கும் முறை பிறந்து, அமெரிக்கப் பள்ளிகளுக்குப் போனது. நாமோ வாடை போக ரூம் ஸ்பிரே அடித்தோம். புகையின் மேல் இன்னொரு வாசனை ஏறியதே தவிர, துகள் அங்கேயே இருந்தது.

இந்தக் கருவிகளுக்கு எல்லை உண்டு. ஈரப்பதம் ஏறினால் லேசர் சென்சார் அதிகமாகக் காட்டும். ஐப்பசி மழைநாளின் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. துகள் ஃபில்டர், கேஸ் அடுப்பின் நைட்ரஜன் டை ஆக்சைடைப் பிடிக்காது. அதற்கு ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும்தான் வழி. அந்த ஃபேன் நம் வீடுகள் பலவற்றில் எண்ணெய்ப் பிசுக்கேறிச் சுற்றாமல் கிடக்கிறது. கழற்றித் துடைக்க அரைமணி நேரம் போதும். அதைக்கூட வீட்டு ஆண்கள் தங்கள் வேலையாக நினைக்கவில்லை. நம் குற்றங்களில் மிகவும் உறுத்துவது எனக்கு இதுதான். காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது கூடத்தில் இருப்பவர்கள் இருமிக்கொண்டே வாசலுக்குப் போய்விடுகிறோம். கரண்டியைப் பிடித்திருப்பவர் போக முடியாது.

ஆகவே அளப்பதென்றால் சென்சாரைக் கூடத்து அலமாரியில் வைக்க வேண்டாம். அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, சமைப்பவரின் மூக்கு உயரத்தில் வைப்போம். ஒரு நாள் முழுக்க ஓடட்டும். நுண்துகளின் 24 மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு 60. வரும் எண்ணை முதலில் சமைப்பவரிடம் காட்ட வேண்டும். "கொஞ்சம் புகைதானே" என்று இத்தனை காலமும் அவரிடம் சொல்லிவந்தவர்கள் நாம்.