மாசியில் நடவேண்டிய கிழங்குகள்

வீட்டுத் தோட்டத்தில் ஆசையுள்ள அன்பர்களிடையே ஆண்டுதோறும் நாம் காணும் வழக்கம் ஒன்று உண்டு. அடுத்த வீட்டுத் தொட்டியில் மே மலர் செக்கச் சிவந்த பந்தாக நிமிர்ந்து நிற்பதைக் கண்ட பிறகே பலருக்குக் கிழங்கின் நினைவு வருகிறது. உடனே செடி விற்கும் இடத்துக்கு ஓடிப் பூத்த தொட்டியையே விலை பேசி வாங்கி வருகிறார்கள். சில நாளில் பூ வாடிவிடுகிறது. மறு பூவுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதே கிழங்கு மாசி மாதத்தில் வெங்காயம் போல் இலையின்றிக் கிடந்தபோது சொற்ப விலைக்குக் கிடைத்திருக்கும். பழகிய வீட்டில் கேட்டிருந்தால் அதுவும் வேண்டியிராது. வைகாசியில் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி காலந் தவறியதற்கு நாம் கட்டும் அபராதமே.

கிழங்கு என்பது செடியின் களஞ்சியம். இலைகள் வெயிலில் உழைத்துத் தேடிய உணவெல்லாம் அங்கே சேமிக்கப்படுகிறது. பிறகு செடி மேலே காய்ந்து உள்ளே உறங்குகிறது. அவ்வுறக்கம் கலையுந் தறுவாயில் நடுவதே முறை. நமது சமவெளி ஊர்களில் மாசி முதல் பங்குனி நடுப்பகுதி வரை அதற்கு ஏற்ற காலம். அதற்கும் பிந்தினால் வேர் பிடிக்குமுன் அக்கினி நட்சத்திரம் வந்துவிடும். உறங்கும் கிழங்குக்கு அன்பு மிகுதியால் தினந்தோறும் ஜலம் விடுவதோ அதைவிடக் கெடுதல். வெயிலால் மாண்ட கிழங்குகளைக் காட்டிலும் ஈரத்தால் அழுகியவையே அதிகம் என்பது நமது அபிப்பிராயம்.

குறைந்த செலவில் நிறைந்த பலன் தருவதில் சம்பங்கிக்கே முதலிடம் தரவேண்டும். நிலச்சம்பங்கி என்பதும் இதுவே. மரத்தில் பூக்கும் செண்பகம் வேறு. மெக்ஸிகோ தேசத்திலிருந்து வந்த இந்தச் செடியை இன்று சத்தியமங்கலம் பக்கத்தில் வயல் வயலாகப் பயிரிடுகிறார்கள். வயலில் ஆனி, ஆடியில் நடுவது வழக்கம். ஆனால் வாளி ஜலத்துக்குப் பஞ்சமில்லாத வீட்டில் மாசியிலேயே நட்டுவிடலாம். மூன்று மாதத்துக்குச் சற்று முன்பின்னாகத் தண்டு எழும்பும். குறுக்களவு ஓர் அங்குலத்துக்குக் குறையாத கிழங்காகப் பொறுக்க வேண்டும். பொடிக் கிழங்கு முதலாண்டில் இலையோடு நின்றுவிடும். தோண்டியெடுத்த கிழங்கை அன்றே நடாமல், ஒரு மாதம் நிழலில் பரப்பி வைத்துப் பிறகு நடுவது நல்லது. ஆழம் 1 முதல் 2 அங்குலம், இடைவெளி 8 அங்குலம் போதும்.

"முதல் வருஷம் பூத்தது, பிறகு வெறும் புல்லாகி விட்டது" என்று பலர் சம்பங்கியைக் குறை கூறுவார்கள். ஒரு கிழங்கு ஒரு முறையே பூக்கும். பின்னர் அதைச் சுற்றிப் பிறக்கும் குஞ்சுகளே பூக்கவேண்டும். குஞ்சுகள் பெருகி ஒன்றையொன்று நெருக்கும்போது எதுவும் பருக்க வழியில்லை. ஆகவே இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை தோண்டிப் பிரித்து நடவேண்டும். ஒற்றை, அடுக்கு என்று இருவகை உண்டு. பெங்களூரை அடுத்த ஹெஸரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டவற்றுள் சிருங்கார், பிரஜ்வல் ஆகியவை ஒற்றை. சுவாசினியும் வைபவும் அடுக்கு. பூச்சாடிக்கு அடுக்கு அழகாயிருக்கலாம். சுவாமிக்கு மாலையும், இரவில் முற்றமெல்லாம் மணமும் வேண்டுகிற குடும்பத்துக்கு ஒற்றையே உகந்தது.

மே மலரைத் தொட்டியில் வைத்து, கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் தெரியுமாறு நட்டு, அடிக்கடி பெயர்க்காமல் விட்டுவிட வேண்டும். நெருக்கத்தில்தான் அது நன்றாய்ப் பூக்கிறது. பூ உதிர்ந்தபின் எழும் அகன்ற இலைகளை, இடத்தை அடைக்கிறதென்று சிலர் அறுத்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டுப் பூவையே அறுத்ததாக எண்ணிக்கொள்ளலாம். இலை தானாகவே பழுக்கும்போது ஜலத்தை நிறுத்தி, மழை படாத மூலையில் தொட்டியை ஒதுக்கி, பங்குனியில் மறுபடி கொஞ்சங் கொஞ்சமாக நனைத்தால் போதும்.

கல்வாழையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாத்திரம் கழுவும் ஜலம் பாயுமிடத்தில் இரண்டு முளைக்கண்ணுள்ள துண்டைப் புதைத்தால் தானே பார்த்துக்கொள்ளும். டாலியாவை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்கள் வேனிலில் வளர்க்கட்டும். சென்னை வெயிலில் அதை நடுவது பணத்தை மண்ணில் புதைப்பதே.

செங்காந்தளைப் பற்றி மட்டும் எச்சரிக்கையுடன் எழுதவேண்டியிருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர் வரிசையில் முதலில் நிற்பது அது. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. வேனிற் பூவன்று, ஆனி, ஆடியில் நட்டால் மழைக்காலத்தில் கொடியேறிப் பூக்கும். கலப்பை போல் வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருப்பதால், நுனி ஒடிந்தால் அக்கிழங்கு பயன்படாது. கடைசியாகச் சொல்லும் செய்தியே தலையாயது: அக்கிழங்கு கொடிய விஷம். கீல்வாதத்துக்கு மருந்தாகும் கோல்சிசின் என்னும் சத்து அதில் இருக்கிறது. வள்ளிக்கிழங்கென்று மயங்கி உண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். அவை நின்றுவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணலாகாது. வாயில் போட்டது தெரிந்த அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வெங்காயம் போன்ற மே மலர்க் கிழங்கும் விஷமுள்ளதே.

ஆதலால், நடுவதற்கு வைத்திருக்கும் கிழங்கு எதுவாயினும் சமையலறைக் கூடையிலோ, பரணில் உருளைக்கிழங்குச் சாக்கின் அருகிலோ வைக்கலாகாது. நாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அவற்றை உலர்ந்த மணலிட்ட மரப்பெட்டியில், பெயர்ச்சீட்டு ஒட்டிப் பூட்டியே வைக்கிறோம். சாவி தோட்டக்காரரிடம் இருக்கிறது. மாசி பிறந்ததும் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.