நோவைச் சொல்லுங்கள் சகோதரிகளே



இம்முறை நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் நோவைப் பற்றியும், அதைத் தணிக்கும் விறைப்பு ஊசியைப் பற்றியும் பேசுவோம். ஷெல் துண்டு, நுரையீரல் கட்டி, காசநோய் விட்டுச்சென்ற சேதம் என்று பல காரணங்களுக்காக எங்கள் பகுதிப் பெண்கள் கொழும்புக்கும் வெலிசறைக்கும் போய் நெஞ்சைத் திறந்து சிகிச்சை பெற்று வருகிறார்கள்.

நெஞ்சைத் திறக்கும்போது விலா எலும்புகளை விலக்க வேண்டும். அவற்றின் அடியில் ஓடும் நரம்புகள் நசுங்குவதால் ஒவ்வொரு மூச்சும் நோகும். நோவுக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் சளி தேங்கி நியூமோனியா வரலாம். ஆரம்பத்துக் கடும் நோவு சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிக்கிறது.

எனக்குத் தெரிந்த ராத்தா ஒருவர் வார்ட்டில் நோவைப் பற்றி வாயே திறக்கவில்லை. "ஷெல்லடியத் தாங்கின நாங்க, இதத் தாங்க மாட்டமா புள்ள?" என்றார். மூன்றாம் நாள் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தன. நோவைப் பொறுத்தார், ஆனால் நுரையீரல் பொறுக்கவில்லை.

இதற்காகவே முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ விலா எலும்புகளுக்கு இடையிலோ பியுபிவகெயின் போன்ற மருந்தை ஏற்றி நரம்பை விறைக்க வைக்கிறார்கள். ஒரு ஊசியின் பலன் சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். அதை நீடிக்க, மெல்லிய குழாய் வைத்துத் தொடர்ந்து மருந்து கொடுக்கலாம். அல்லது ஊசியோடு இன்னொரு மருந்தைக் கலக்கலாம்.

இந்த வழி புதியதல்ல. 1903 இலேயே ஜேர்மனிய வைத்தியர் ஹைன்ரிக் பிரவுன் அட்ரினலின் கலந்து விறைப்பை நீடித்தார். இன்று அதிகம் ஒப்பிடப்படுபவை இரண்டு. ஒன்று, 2020 இல் கொவிட் சிகிச்சையில் பெயர் பெற்ற டெக்ஸாமெதசோன். கைச் சத்திரசிகிச்சை ஆய்வுகளைத் திரட்டிய 2017 ஆம் ஆண்டு கொக்ரேன் மீளாய்வில், இது நோவில்லாத நேரத்தைச் சராசரியாக 6 மணித்தியாலத்துக்கு மேல் கூட்டியது. நாளத்தில் ஏற்றினாலும் ஏறக்குறைய அதே பலன்தான். வாந்தியையும் குறைக்கும், ஆனால் இரத்தத்தில் சீனியை ஏற்றும். மற்றது டெக்ஸ்மெடெடொமிடின். இதுவும் நேரத்தை நீட்டும். ஆனால் நாடித்துடிப்பையும் பிரசரையும் குறைக்கக்கூடும், தூக்கமும் வரும்.

ஆகவே எல்லோருக்கும் நல்லது என்று ஒரு மருந்தைச் சொல்ல முடியாது. உங்கள் உடம்பைப் பார்த்து மயக்க மருந்து வைத்தியர்தான் தீர்மானிப்பார். அதற்கு நாம் கொடுக்க வேண்டிய தகவல்கள் உண்டு:

சீனி வருத்தம், பிரசர், இருதய வருத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பாவிக்கும் குளிசைகளைக் கையோடு கொண்டு போங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உடம்பில் பழைய ஷெல் துண்டு இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

விறைப்பு விடும்போது நோ திடீரென்று ஏறும். அதற்கு முன்பே குளிசை தரும்படி கேளுங்கள். தாதிக்கு நம் மொழி விளங்காவிட்டால் விரல்களால் காட்டலாம்: நோவே இல்லையென்றால் மூடிய கை, தாங்கவே முடியாவிட்டால் 10 விரல். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள்.

போரில் எவ்வளவோ தாங்கினோம். வைத்தியசாலைக் கட்டிலிலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. நோகிறது என்று சொல்வது சிணுங்கல் அல்ல. அதுவும் சிகிச்சையில் ஒரு பங்கு.