நாற்காலியில் அமர்ந்த படம்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், சினிமா பாட்டுப் புத்தகங்கள், சோப்பு, தைல விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் இப்போது புது மவுசு. ‘அந்தக் காலம் எப்படி இருந்தது பார்’ என்று கைப்பேசியில் பகிர்கிறார்கள். அழகுதான். ஆனால், அந்தக் காலத்துப் படங்களில் சேரி எங்கே என்று நாம் கேட்டாக வேண்டும்.

நம்மை முதலில் படம் பிடித்தவர்கள் நம் விருப்பத்தைக் கேட்கவில்லை. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் தலையையும் அளந்தவர். தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் குறித்து 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்தப் படங்களின் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது.

சினிமாவும் நம் கதையை எடுத்துக்கொண்டது. 1935-இல் நந்தனாராக நடிக்க கே.பி.சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கியது பெரும் பேச்சானது. 1942-இல் ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் தண்டபாணி தேசிகர் நடித்தார். பழம்பொருள் சேகரிப்போர் இன்று தேடுவது இப்படிப்பட்ட படங்களின் விளம்பரங்களைத்தான். அதே நந்தனார் பெயரில் 1916-இல் சிதம்பரத்தில் கல்விக் கழகம் தொடங்கி, நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் சுவாமி சகஜானந்தர். அந்தப் பள்ளியில் படித்த மாணவர்களின் படங்களை யார் தேடுகிறார்கள்?

அதனால்தான் நம் வீட்டு ஸ்டூடியோ படம் வெறும் அலங்காரம் அல்ல. ஊர்த் தெருவில் செருப்பணிந்து நடக்கவும், தோளில் துண்டு போடவும் தடை இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் சொந்தக் காசில், சட்டை மாட்டி, நாற்காலியில் அமர்ந்து, நிமிர்ந்து பார்த்து எடுத்துக்கொண்ட படம் ஒரு சாட்சி. நம் பகுதியின் எல்.இளையபெருமாள் தலைமையிலான குழு, நாடு முழுவதும் நிலவிய தீண்டாமையை 1969-இல் அறிக்கையாக்கியது. அந்த அறிக்கையையும் இந்தப் படங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

குமராட்சிப் பக்கம் கொள்ளிடக் கரை ஊர்களில் கூரை வீடுகள் எத்தனை முறை தண்ணீரில் நின்றன! 2011-இல் தானே புயல், 2015-இல் பெருமழை என மாவட்டமே பட்ட பாடு தெரிந்ததே. டிரங்குப் பெட்டியில் படம் ஊறி ஒட்டிப்போனால் நகல் இல்லை. ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்கள் பல மூடிவிட்டன.

சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1907-இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றோர் காத்து வைத்தார்கள். அதனால்தான் 1999-இல் அவர் சிந்தனைகள் தொகுப்பாக வந்து, தமிழக வரலாற்றையே வேறு விதமாகப் பேச வைத்தன.

சிதம்பரத்தில் 2025 ஜூலையில் இளையபெருமாளுக்கு நூற்றாண்டு அரங்கம் திறக்கப்பட்டது. நம் மக்களின் படங்களும் துண்டறிக்கைகளும் சேரும் இடமாகவும் அதை ஆக்க வேண்டும் என்று அரசைக் கேட்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. பாட்டியிடம் கேட்டு, படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டை மென்மையாகப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், லேமினேஷனும் வேண்டாம். கைப்பேசியில் நகல் எடுங்கள். திருமண அழைப்பிதழ், அம்பேத்கர் விழா நோட்டீஸ், தேர்தல் துண்டறிக்கை எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். வண்ணமேற்றும் செயலியில் போட்டு முகத்தை வெளுப்பாக்கவும் வேண்டாம். நம் நிறமும் அந்தப் படத்தின் வரலாறுதான். தர்ஸ்டன் எழுதாமல் விட்ட பெயர்களை நாம் எழுதுவோம்.