ஒருவர் மாற்றலானால் மன்றம் மூடிவிட வேண்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் தமிழ் மன்றம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். பொங்கல் விழா, ஆண்டுக்கு இரண்டு நாடகம், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு என்று நன்றாகவே நடந்தது. நடத்தியவர் ஒரே மனிதர், அதன் காரியதரிசி. நல்லவர், உழைப்பாளி. எந்த நாடகம் என்று முடிவு செய்வதும் அவர், ஹால் பிடிப்பதும் அவர், ரசீதுப் புத்தகமும் அவர் பையில்தான். ஒரு நாள் அவருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. சிகந்திராபாத் ஸ்டேஷனில் மாலை போட்டு அனுப்பி வைத்தோம். வண்டி புறப்பட்டது, மன்றமும் அதோடு போய்விட்டது.

உயிரெழுத்தை முடித்து மெய்யெழுத்துக்கு வந்திருந்த பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. இன்று அவள் தெலுங்குப் பலகைகளைத் தடையில்லாமல் படிக்கிறாள். ஊரிலிருந்து தாத்தா எழுதும் கடிதத்தை மட்டும் நான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குற்றம் அந்தக் காரியதரிசியுடையது அல்ல. எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டு, முன்வரிசையில் அமர்ந்து கைதட்டிய நம்முடையது.

ஒரு கலை அமைப்பை எப்படி நடத்துவது என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எம்.எம்.டி.எஸ். ரயிலில் ஏறி லிங்கம்பள்ளியில் இறங்கினால், சேரிலிங்கம்பள்ளியில் சுரபி நாடகக் கலைஞர்களின் குடியிருப்பு இருக்கிறது. 1885-ல் கடப்பை மாவட்டத்துச் சுரபி கிராமத்தில், வனாரச கோவிந்தராவ் என்பவர் தொடங்கிய நாடக மரபு அது. குடும்பம் பெருகப் பெருகக் குழுக்களும் பல ஆயின. ஒவ்வொரு குழுவுக்கும் மூத்தவர் ஒருவர் உண்டு. ஆனால் அவர் மட்டுமே குழு அல்ல. ஒருவர் திரை எழுதுவார். ஒருவர் விளக்கைக் கவனிப்பார். ஒருவர் ஆர்மோனியத்தில் அமர்வார். இன்று ராஜா வேடம் கட்டியவர் நாளை கயிறு இழுப்பார். பெண்களும் பிள்ளைகளும் மேடையில் சம பங்குக்காரர்கள். ‘மாயாபஜார்’ நாடகத்தின் மாயக் காட்சிகளெல்லாம் மறைவில் நிற்கும் பல கைகளின் வேலை. வெளியாரையும் அவர்கள் ஒதுக்கவில்லை. 1990-களில் கன்னட நாடக மேதை பி.வி. காரந்த் வந்து, இவர்களை வைத்துப் புதிய நாடகங்களை இயக்கினார்.

சினிமாவும் டெலிவிஷனும் சுரபியை வாட்டியது உண்மை. குழுக்கள் பல மறைந்து, இன்று எஞ்சியவை சிலவே. பொறுப்பைப் பகிர்ந்துகொண்டால் பஞ்சமே வராது என்று நான் சொல்லவில்லை. பஞ்சம் வந்தபோதும் அந்த மரபு ஒருவரோடு முடிந்துவிடவில்லை என்றுதான் சொல்கிறேன்.

“அவர்கள் ஒரே குடும்பம்; நாம் நாலா ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்” என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமே. ஆனால் நம் சென்னையின் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பாருங்கள். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் பயின்ற ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து அமைத்தது. அவர்களை இணைத்தது ரத்த உறவு அல்ல, தொழில். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள். பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் கலைந்துவிடவில்லை. உறுப்பினர்களே நிர்வாகத்தை ஏற்று நடத்தினார்கள். 2009-ல் அங்கே ஒரு கலைக்கூடமும் திறந்தார்கள். தலைவர் போனபின்பும் நிற்பதே ஸ்தாபனம்.

ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்குமா என்று கேட்பவர்களுக்கு என் ஆபீஸ் அனுபவத்திலிருந்து ஒரு பதில். ஸ்டேஷன் மாஸ்டர் லைன் வாங்க வேண்டும், கார்டு கொடி காட்ட வேண்டும், டிரைவர் வண்டியை எடுக்க வேண்டும். மூவரில் பெரியவர் யார் என்று பிளாட்பாரத்தில் வாக்குவாதம் நடப்பதில்லை. யாருக்கு எந்தப் பொறுப்பு என்பது முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பொறுப்பைப் பகிர்வது என்றால் எல்லோரும் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பது அல்ல. அவரவர் வேலையில் அவரவர் சொல்லே முடிவு என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்வது.

ஆகவே மன்றம் நடத்துவோருக்கும், இனி தொடங்குவோருக்கும் சில யோசனைகள். நாடகம், இசை, பட்டிமன்றம் எது என்று தேர்வு செய்வோர் வேறு, கணக்குப் பார்ப்போர் வேறு ஆகட்டும். தேர்வு செய்வோரில் ஒருவர் பெண்ணாகவும், ஒருவர் இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞராகவும் இருக்கட்டும். விழா நாளில் பெண்களைக் கோலம் போடவும், இளைஞர்களை நாற்காலி தூக்கவும் மட்டும் கூப்பிடும் பழக்கம் போக வேண்டும். பாங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து கட்டாயம். தமிழ் வகுப்புக்கு எப்போதும் இரண்டு ஆசிரியர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொறுப்புகள் கை மாறட்டும்.

சொந்த ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதியாக இருக்கலாம், நமக்கோ அவசியம். ரயில்வே, பாங்கி, கம்பெனி என்று நம்மில் பலர் மாற்றல் உத்தரவை எதிர்பார்த்தே வாழ்பவர்கள். கூலி வேலைக்கு வந்தவர்களோ வேலை இருக்கும் இடம் தேடிப் போகிறவர்கள். இங்கே யாரும் நிரந்தரமில்லை. மன்றமாவது நிரந்தரமாக இருக்க வேண்டாமா?

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் “யார் தலைவர்?” என்ற கேள்வியோடு எழுந்து விடாதீர்கள். “இவர் இல்லாவிட்டால் யார்?” என்றும் கேளுங்கள். அதற்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் பதிலாக வந்தால், அந்த மன்றத்தில் உங்கள் பிள்ளையை நம்பிச் சேர்க்கலாம்.