யாருடைய சித்தம்?

மல்வேர்னில் வீட்டு நிலவறைகளில் கூடும் எமது ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படும் சாட்சி ஒன்றுண்டு: "கர்த்தர் எங்களை முன்பே தெரிந்தெடுத்தார்; அதனால்தான் தப்பி இங்கு வந்து சேர்ந்தோம்." நன்றி சொல்வது நல்லதே. ஆனால் இந்தச் சாட்சியின் மறுபாதியை எவரும் சொல்வதில்லை. தப்பியவர்கள் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் என்றால், தப்பாதவர்கள் யார்? 1995 யூலை 9 அன்று நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் தேடி, விமானப்படையின் குண்டுக்குப் பலியான சனங்கள் எந்தப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தார்கள்?

இக்கோட்பாடு எமக்குப் புதியதல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கல்வின் மரபுத் திருச்சபையைக் கொண்டுவந்தனர். அச்சபை 1618-19இல் டோர்ட் நகரில் கூடி, மீட்கப்படுவோரைக் கடவுளே ஆதியில் தெரிந்தெடுத்தார், அவர்களது விசுவாசத்தை முன்னறிந்து அல்ல என்று தீர்த்து, ஆர்மீனியசின் சீடர்களை ஒதுக்கியது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமாரும் கல்வின் மரபினரே. 1814இல் வந்த மெதடிஸ்தரின் ஆசான் ஜோன் வெஸ்லியோ, 1739இலேயே அதைக் கண்டித்துப் பிரசங்கித்தவர்: கிருபை எல்லோருக்கும் உரியது; ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில். ஆக, ஒரே குடாநாட்டில் எதிரெதிரான இரு பதில்கள் இருந்தன. அந்த விவாதம் எமது முதுசம். அதைக் கைவிட்டு, 'தலையெழுத்து' என்ற பழைய சொல்லுக்குச் 'சித்தம்' என்று ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று.

கல்வின் மரபினர்கூட இவ்வளவு தூரம் போகவில்லை. 1647இல் வெளியான வெஸ்ற்மின்ஸ்ரர் விசுவாச அறிக்கை, நடப்பவை யாவும் கடவுள் நியமித்தவை என்கிறது. கூடவே, பாவத்துக்குக் காரணர் அவரல்லர், மனித சித்தம் பறிக்கப்படவுமில்லை என்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று நாம் கேட்கலாம். ஆனால் குண்டு போட்டவனை அந்த அறிக்கையும் விடுவிக்கவில்லை. எம்மிடையே உலவும் 'சித்தம்' விடுவிக்கிறது. அவனை மட்டுமல்ல, எம் பக்கத்தில் துவக்குத் தூக்கியவர்கள் செய்த கொலைகளையும், 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியதையும் இதே சொல்லால் மூடிவிடலாம்.

1986 ஆவணியில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீன்பிடிகாரர் கண்டு ஏற்றினார்கள். அவர்கள் காணாததுபோல் போயிருக்கலாம். போகவில்லை. அதைக் கிருபை என்று சொல்பவர்களோடு எமக்குச் சண்டையில்லை. அந்தக் கிருபை ஒரு மனிதனின் 'ஓம்' வழியாகத்தான் வந்தது என்பதை மறைப்பவர்களோடுதான் சண்டை.

சாட்சி சொல்லுங்கள். ஆனால் காப்பாற்றியவனின் கையையும் கொன்றவனின் கையையும் கடவுளின் கைக்குள் ஒளிக்காதீர்கள். நியாயத்தீர்ப்பு நாள் ஒன்று உண்டென்று நம்புகிறவர்கள், மனிதன் பதில் சொல்லவேண்டியவன் என்பதையும் நம்பித்தான் ஆகவேண்டும்.