துறைமுகம் கண்ட கப்பல்கள்

வடசென்னையில் டோல்கேட் என்னும் இடத்தில் சிறிது நேரம் நின்றால், துறைமுகத்தை நோக்கிச் செல்லும் லாரிகளின் வரிசையைக் காணலாம். அங்கிருந்து தெற்கே சில கல் தொலைவில் உள்ளது சென்னைத் துறைமுகம். சரக்கு மட்டுமா அதன் வழியே சென்று வந்தது? ஒரு நாட்டின் நல்லெண்ணமும் அவ்வழியே சென்றதுண்டு. கசப்பும் திரும்பி வந்ததுண்டு.

படையால் அச்சுறுத்தாமலும், பொருளால் விலைக்கு வாங்காமலும், பிற நாட்டாரைத் தன்பால் ஈர்க்கும் திறனை ‘மென்மை ஆற்றல்’ என 1990-இல் விளக்கினார் அமெரிக்க அறிஞர் ஜோசப் நை. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப்படையின் இறுதி அணியினர் சென்னைக்குத் திரும்பினர். அமைதி காக்கச் சென்ற அப்படை, போரில் சிக்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரரை இழந்திருந்தது. சிங்களரும் வெறுத்தனர், தமிழரும் வெறுத்தனர். அன்றைய முதலமைச்சர் கருணாநிதி அப்படையை வரவேற்கச் செல்லவில்லை.

படைக்கு மாறாக உணவை அனுப்பினால் உள்ளம் கனியாதோ என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் முன்னரே, 1987 ஜூன் 4 அன்று, இந்திய விமானங்கள் போர் விமானங்களின் காவலுடன் சென்று யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருள்களைப் போட்டன. தன் வான்வெளி மீறப்பட்டது என்று கொழும்பு கண்டித்தது. கேளாது வீசிய உணவு, பசித்தவர்க்கு உணவே. அந்நாட்டு அரசுக்கோ அச்சுறுத்தல்.

2022-இல் நிலைமை வேறு. அந்நியச் செலாவணி வற்றி, இலங்கையில் எரிபொருளும் மருந்தும் பால்மாவும் அரிதாயின. ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றம், உதவி அனுப்ப இசைவு வேண்டி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தமிழர்க்கு மட்டும் அனுப்ப வேண்டா, இலங்கை மக்கள் அனைவர்க்கும் அனுப்புங்கள் என்று அங்குள்ள தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டனராம். என் கருத்தில், அக்கொடையின் பெருமை அந்த வேண்டுகோளிலேதான் இருந்தது. மே 18 அன்று 9,000 டன் அரிசியும், 200 டன் பால்மாவும், மருந்துகளும் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறின. கொழும்பு அவற்றை விரும்பி ஏற்றது.

இதனால் இலங்கை நம் சொற்படி நடக்கத் தொடங்கிற்றா? இல்லை. இந்தியா கவலை தெரிவித்தும், மூன்று திங்களில் சீனக் கப்பலான ‘யுவான் வாங் 5’ அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை அடைந்தது. தமிழக மீனவர் சிறைப்படுவதும் நிற்கவில்லை. அரிசி அனுப்பியது நன்று, எங்கள் படகுகள் எப்போது திரும்பும் என்று இராமேசுவரத்து மீனவர் கேட்டால், அக்கேள்விக்கு விடை அக்கப்பலில் இல்லை.