நூற்றுக்கு ஏழு

நம் நாட்டு மத்தியதரக் குடும்பங்களில், அமெரிக்காவுக்குப் போயிருக்கும் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால், "கிரீன் கார்டு வந்துவிட்டதா?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. "இன்னும் இல்லை" என்று பெற்றோர் சொன்னால், கேட்டவருக்கு ஒரு சந்தேகம் தோன்றுகிறது. பையனுக்குச் சாமர்த்தியம் போதவில்லையோ, உத்தியோகத்தில் நல்ல பெயர் இல்லையோ என்று எண்ணிக்கொள்கிறார். இந்தச் சந்தேகம் பெரும்பாலும் ஆதாரமற்றது. கார்டு வராமைக்குக் காரணம் அவனுடைய தகுதி அன்று. அவன் பிறந்த தேசம். இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உத்தியோகத்தை முன்னிட்டு நிரந்தரமாகக் குடியேறுவோருக்கு அமெரிக்கச் சட்டம் வருஷந்தோறும் ஒதுக்கும் இடங்கள் சுமார் 1,40,000. உத்தியோகஸ்தரின் மனைவி மக்களும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடக்கம். இதில் எந்த ஒரு தேசத்தாருக்கும் நூற்றுக்கு 7-க்கு மேல் போகலாகாது என்பது விதி. அதாவது 9,800 இடங்கள். ஐஸ்லாந்தின் ஜனத்தொகை சுமார் 4 லட்சம். இந்தியாவின் ஜனத்தொகை 140 கோடிக்கு மேல். இரு தேசங்களுக்கும் உச்சவரம்பு ஒன்றே. மற்றவர்கள் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சிய இடங்கள் சில வருஷங்களில் நம்மவருக்குக் கிடைப்பதுண்டு. ஆனால் காத்திருப்போர் கூட்டத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இங்கே 'தேசம்' என்பது பிரஜா உரிமையைக் குறிப்பதன்று. பிறந்த இடத்தையே குறிக்கும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் மூத்தவன் தஞ்சாவூரிலும், இளையவன் தகப்பனார் உத்தியோகத்திலிருந்த சிங்கப்பூரிலும் பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இந்தியப் பிரஜைகள்; ஒரே படிப்பு, ஒரே சம்பளம். இளையவன் சிங்கப்பூர்க் கணக்கில் சேர்ந்து விரைவில் கார்டு பெறுவான். மூத்தவன் தலை நரைக்கும் வரையில் காத்திருப்பான். அவனுக்கு வாய்த்த மனைவி கோலாலம்பூரில் பிறந்தவளாக இருந்தால் மட்டும், அவளுடைய தேசத்துக் கணக்கில் சேர்ந்துகொள்ள அவனுக்கும் வழியுண்டு.

இப்படியொரு விதி எப்படி ஏற்பட்டது? 1917-ஆம் வருஷத்துச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைச் சுற்றி ஒரு கோடு கிழித்து, அதற்குள் பிறந்தோர் வந்து குடியேறலாகாது என்றது. இந்தியா அந்தக் கோட்டுக்குள் இருந்தது. 1923-இல் பகத்சிங் திந்த் என்னும் பஞ்சாபியரின் வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அவர் முதல் மகாயுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்திருந்தவர். ஆயினும், இந்தியர் வெள்ளையரல்லர், ஆகையால் பிரஜா உரிமைக்கு உரியவரல்லர் என்று தீர்ப்பாயிற்று. 1946-ஆம் வருஷம் ஜூலை 2-ஆந் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம் கதவைத் திறந்தது. வருஷத்துக்கு 100 இந்தியர் நுழையும் அளவுக்கு மட்டுமே திறந்தது. அச்சட்டத்தால் பிரஜா உரிமை பெற்ற திலீப் சிங் ஸௌந்த் 1956-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பிறகு 1965-ஆம் வருஷம் அக்டோபர் 3-ஆந் தேதி, சுதந்திர தேவியின் சிலையடியில் ஜனாதிபதி ஜான்சன் மற்றொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐரோப்பாவின் சில தேசங்களுக்கு அள்ளிக் கொடுத்துப் பிறருக்குக் கிள்ளிக் கொடுத்த பழைய பங்கீட்டை அது ஒழித்தது. எந்தத் தேசத்துக்கும் தனிச் சலுகை இல்லை என்றது. இன்றுள்ள 1,40,000 என்ற தொகையும் நூற்றுக்கு 7 என்ற வரம்பும் 1990-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வந்தவை. ஆகவே, இவ்வரம்பு நம்மைத் துவேஷித்து எழுதப்பட்டதென்று சொல்வது சரியாகாது. தேசங்களைச் சமமாக நடத்த வேண்டுமென்ற நல்ல கொள்கையே இதன் பிறப்பிடம். ஆனால் தேசங்களைச் சமமாக நடத்தும் விதி, மனிதர்களை எவ்வளவு தூரம் ஏற்றத்தாழ்வாக நடத்தக்கூடும் என்பதற்கு இதுவே சரியான உதாரணம்.

காத்திருப்பவர்களின் வரிசை எப்படி நகர்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். மனுச் செய்த நாள் ஒவ்வொருவருக்கும் முறைத் தேதியாகக் குறிக்கப்படுகிறது. எந்தத் தேதி வரையில் மனுச் செய்தவருக்கு முறை வந்திருக்கிறதென்பதை அந்நாட்டு வெளிநாட்டு இலாகா மாதந்தோறும் வெளியிடுகிறது. மேற்படிப்புப் படித்த இந்தியர் வகுப்புக்கு, 2024-ஆம் வருஷம் வெளிவந்த பட்டியல்களில் நின்றவை 2012-ஆம் வருஷத்துத் தேதிகள்! தேதி எப்போதும் முன்னே போகும் என்றுகூட நம்புவதற்கில்லை. வருஷத்து இடங்கள் தீரும் நிலை வந்தால் அது பின்னேயும் போகும். நேற்றுவரை முறை வந்திருந்தவனுக்கு, அடுத்த மாதம் முறை இல்லாமற் போய்விடும்.

பெரியவர்கள் எப்படியோ பொறுத்துக்கொள்வார்கள். வருஷங்களை எண்ணி வளரும் குழந்தைகளின் நிலைமைதான் நம்மைப் போன்ற உபாத்தியாயர்களின் மனத்தை வருத்துகிறது. பெற்றோரின் மனுவோடு ஒட்டிக்கொண்டு கார்டு பெறுவதற்குப் பிள்ளை 21 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், விவாகமாகாதிருக்கவும் வேண்டும். மூன்று வயதில் தாயின் இடுப்பில் அமர்ந்து போன பெண், அங்கேயே அரிச்சுவடி கற்று, அங்கேயே கலாசாலைக்கும் போகிறாள். 21 வயது நிறையும் நாளில், வரிசையில் அவளுக்கிருந்த இடம் போய்விடுகிறது. அவள் அந்நிய மாணவியாகத் தனி அனுமதி பெற வேண்டும்; அல்லது, நினைவில் இல்லாத ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே பிறந்த அவள் தம்பியோ பிறந்தபோதே அந்நாட்டுப் பிரஜை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் உண்ணும் இருவரில் ஒருவன் சொந்தக்காரன், மற்றவள் விருந்தாளி.

இந்தக் கஷ்டத்தைத் தணிக்க 2002-இல் ஒரு சட்டம் செய்தார்கள். மனுவானது அதிகாரிகளின் பரிசீலனையில் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். மனு அங்கீகாரமான பிறகு வரிசையில் நின்ற காலத்துக்கோ கழிவு கிடையாது. சில மாதங்களைத் தள்ளிக் கொடுத்துவிட்டுப் பல வருஷங்களைக் கணக்கில் வைத்துக்கொள்ளும் இந்தத் தயவை என்னவென்று சொல்வது?

இன்னொரு மனஸ்தாபத்தையும் இங்கே தீர்த்து வைக்க விரும்புகிறோம். "தகப்பனார் காரியத்துக்குக்கூட வரவில்லையே!" என்று பிள்ளைகளைப் பழிக்கும் உறவினர் பலர். வீஸா வேறு, தங்கும் அனுமதி வேறு. உத்தியோகத்துக்குப் போனவர் அங்கிருந்தபடியே தங்கும் அனுமதியை நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் கடவுச்சீட்டில் ஒட்டிய வீஸா காலாவதியாகியிருந்தால், நாட்டைவிட்டு வெளியே வந்தவர் புதிய வீஸா வாங்காமல் திரும்பிப் போக முடியாது. அதற்குச் சென்னை அண்ணா சாலையிலுள்ள துணைத் தூதரகம் போன்ற ஓரிடத்தில் நாள் வாங்கி நிற்க வேண்டும். நாள் கிடைப்பது தாமதமானால் அங்கே வேலை போகும். வேலை போனால், வேறு எஜமானரைத் தேட அளிக்கப்படும் தவணை சாதாரணமாக 60 நாள். மனைவி மக்களின் அனுமதியும் அந்த வேலையில்தான் தொங்குகிறது. வராத பிள்ளைகளில் எல்லோரும் பாசமற்றவர்கள் அல்லர்.

அந்நாட்டார் பக்கத்து வாதத்தையும் மறைக்கலாகாது. தங்கள் வீட்டில் யாரைக் குடிவைப்பதென்று தீர்மானிக்க எந்தத் தேசத்துக்கும் உரிமையுண்டு. வரம்பை அடியோடு எடுத்துவிட்டால், சில வருஷங்களுக்கு எல்லா இடங்களையும் இரண்டொரு தேசத்தாரே வாரிக்கொள்வார்கள் என்ற ஆட்சேபமும் அர்த்தமற்றதன்று. இருந்தும், அநீதியை அவர்களே உணராமல் இல்லை. 2019-ஆம் வருஷம் ஜூலையில் பிரதிநிதிகள் சபை இந்த வரம்பை நீக்கும் மசோதாவை 365-க்கு 65 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. 2020 டிஸம்பரில் செனெட் சபை திருத்தங்களோடு ஏற்றது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் சபையின் ஆயுள் முடிந்துவிட்டது. பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்ட நியாயங்கூட, காலத்தில் வராவிட்டால் நியாயமாகாது.

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. நம் கையில் உள்ளவை சில. குழந்தையோடு அங்கே போகத் துணிபவர்கள், சம்பளத்தைக் கணக்கிடுவதற்கு முன் குழந்தையின் வயதைக் கணக்கிடட்டும். முறைத் தேதியையும் பிள்ளைக்கு 21 நிறையும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். அங்கே வளரும் குழந்தைக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்பிப்பதை வெறும் அபிமானம் என்று நினைக்க வேண்டாம். ஒருநாள் திரும்பி வர நேர்ந்தால் அதுதான் அதற்குக் கைகொடுக்கும். நம் பெண்ணுக்கு அந்நாட்டு வரன் பார்க்கும் பெற்றோர், "கிரீன் கார்டு உண்டா?" என்று மட்டும் கேட்டு நல்ல பிள்ளையைத் தள்ளிவிட வேண்டாம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இருபது வருஷம் உழைத்து வரி செலுத்தி, கார்டு வராமல் ஊர் திரும்பும் குடும்பத்தைக் கண்டால், தோற்று வந்தவர்கள் என்று எண்ணாதிருப்போமாக. பரீட்சையில் அவர்கள் தேறியவர்கள்தான். இடம் மட்டுமே இல்லாமற் போயிற்று.